கம்பத்தோடு பேசின பிள்ளை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அந்த அஞ்சாம் வகுப்பிலும் பாதி நாள் பருத்தி எடுக்கப் போய்விடுவேன். ஞாபகமும் இப்போது மோசமாகிவிட்டது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று குழம்புகிறது. நூலகத்தில் வேலை பார்க்கிற பெண்தான், "நீங்க பார்த்த வேலையப் பத்தி எழுதுங்க ஆயா, பொம்பளைங்க யாரும் பார்க்காத வேலை" என்றாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். பேசுவதற்கு எழுதுவது தேவலை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பார்த்தது கேட்டு வேலை. சுண்ணாம்புக்கல் பள்ளத்திலிருந்து அரியலூர் மெயின் ரோட்டுக்கு வரவேண்டுமானால் லாரிகள் ஊருக்குள் புகுந்துதான் வரவேண்டும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஊர்க்காரர்கள் லாரியை விடமாட்டார்கள். அதனால் ஒரு காட்டுக்காரர் தன் முந்திரிக் காட்டை ஒட்டி லாரி போகிற மாதிரி தடம் போட்டு, ரோட்டு முனையில் ஒரு கேட்டு வைத்தார். கேட்டு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நீள இரும்புக் கம்பம். ஒரு முனையில் பெரிய கல் கட்டியிருக்கும். மறு முனையில் கயிறு. கயிற்றை முளையிலிருந்து அவிழ்த்துவிட்டால் கல்லின் பாரத்தில் கம்பம் தானாக மேலே போகும். வண்டி போனதும் கயிற்றை இழுத்துக் கீழே கொண்டுவந்து முளையில் சுற்ற வேண்டும். காலி வண்டி உள்ளே போகும்போது காசு கொடுக்க வேண்டும். கல் ஏற்றி வெளியே வருகிற வண்டிக்குக் காசு கிடையாது. அதன் சத்தம் கேட்டதுமே நான் கம்பத்தைத் தூக்கிவிட வேண்டும். பாரத்தோடு நிறுத்தினால் மறுபடி கிளம்ப வண்டி முக்கும். டிரைவர் திட்டுவார்.

அந்த வேலையில் முன்னால் ஆம்பிளைகள்தான் இருந்தார்கள். ஒருத்தன் டிரைவர்களோடு சேர்ந்து குடிப்பான். இன்னொருத்தன் பாதிக் காசை மடியில் போட்டுக்கொண்டான். வயசான பொம்பளை என்றால் தேவலை என்று காட்டுக்காரர் நினைத்திருக்கிறார். நான் போய்க் கேட்டபோது என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாயே திறக்க மாட்டியாமே. லாரிக்காரன்கிட்ட எப்படிக் காசு வாங்குவ?"

"கையை நீட்டுவேங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலை கொடுத்துவிட்டார்.

நான் எதற்காக அந்த வேலைக்குப் போனேன் என்று அவரிடம் சொல்லவில்லை. என் மகன் அந்தத் தடத்தில் டிப்பர் ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். ஒவ்வொரு வண்டியும் அந்தக் கம்பத்துக்கு முன்னால் நின்றுதானே ஆகவேண்டும்.

மகன் எங்களோடு பேசுவது இல்லை. அதற்குக் காரணம் உண்டு. எங்களுக்கு ரோட்டோரம் ஒரு மனை இருந்தது. அவன் அதில் வீடு கட்ட ஆசைப்பட்டான். அந்த நேரத்தில் பெரம்பலூர் பக்கம் கட்டிக்கொடுத்த என் மகள் கைப்பிள்ளையோடு திரும்பி வந்துவிட்டாள். புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான். மகனுக்குக் கைகால் இருக்கிறது, மகளுக்கு என்ன இருக்கிறது என்று நாங்கள் மனையை அவள் பேரில் எழுதிவைத்தோம். மகனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இப்போதும் ஊரில் சொல்வார்கள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவன் எங்கள் தெரு மாரியம்மன் கோயில் முன்னால் சூடம் கொளுத்தினான். ஒரு கையைத் தன் பெண் குழந்தையின் தலையில் வைத்துக்கொண்டான். அப்போது அதற்கு நடக்கக்கூட வராது. "இனிமே இவங்க வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். அவங்க ரெண்டு பேருகூடயும் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இது எம்புள்ள மேல சத்தியம்" என்று சொல்லி, எரிகிற சூடத்தை மறு கையால் அடித்து அணைத்தான். எங்கள் பக்கத்தில் இது விளையாட்டு இல்லை. சூடம் அடித்துச் சொன்ன சொல்லை மீறினால் யார் தலையில் கை வைத்தானோ அதற்குத் தீங்கு வரும். பிறகு மாமனார் ஊரான வரதராஜன்பேட்டைப் பக்கம் பெண்டாட்டி பிள்ளையோடு குடி போய்விட்டான்.

கேட்டில் முதல் நாள் அவன் வண்டி வந்தது. மற்ற டிரைவர்களை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. லாரி ஜன்னல் உயரம் வேறு. அவனை மட்டும் பார்த்தேன். மீசை கனத்திருந்தது. பிரேக் அடித்தவன் என்னைக் கண்டதும் முகத்தை நேராக வைத்துக்கொண்டான். ரூபாய் நோட்டை உருண்டையாகச் சுருட்டி ஜன்னல் வழியாகக் கீழே போட்டான். அது புழுதியில் விழுந்தது. நான் குனிந்து எடுத்துக்கொண்டு கம்பத்தைத் தூக்கினேன். அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுக்காரரிடம், "தம்பியப் பார்த்தேன், நல்லா இருக்கான்" என்றேன். மகனை நாங்கள் தம்பி என்றுதான் சொல்வோம். அவர், "என்ன சட்டை போட்டிருந்தான்?" என்று கேட்டார். எனக்குச் சட்டை ஞாபகம் வரவில்லை.

காட்டுக்காரர் கொஞ்ச நாளில் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு அட்டையை மாட்டினார். கறுப்புக் கட்டம் கட்டமாக இருக்கும். டிரைவர்கள் போனைக் காட்டினால் காசு நேராக அவர் கணக்குக்குப் போய்விடுமாம். கூடவே ஒரு சின்னப் பெட்டி. காசு வந்தால் அதற்குள் இருந்து ஒரு பெண் குரல் இத்தனை ரூபாய் வந்தது என்று சத்தமாகச் சொல்லும். அது சொன்ன பிறகுதான் நான் கயிற்றை அவிழ்க்க வேண்டும். மற்றவர்களுக்கு அது சௌகரியம். எனக்கு இல்லை. நோட்டைக் கீழே போடவாவது அவன் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தான். இப்போது கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே இருந்தே போனைக் காட்டுவான். பெட்டி பேசும். நான் தூக்குவேன். போய்விடுவான்.

திருமானூரிலிருந்து வருகிற ஒரு டிரைவர் இருந்தார். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். வாய் ஓயாது. பெரும்பாலும் என் மகன் வண்டிக்குப் பின்னால்தான் அவர் வண்டி வரும். அவர்தான் என்னோடு முதலில் பேசியவர்.

"ஆயா, எனக்கும் அந்தப் பொட்டி மாதிரி ஒரு பொண்டாட்டி கெடச்சிருந்தா தேவல. காசு வந்தா மட்டும் பேசுது, மத்த நேரம் கம்முனு கெடக்கு."

இன்னொரு நாள், "ஆயா, பறக்குற லாரி வாங்கப் போறேன். அப்ப என்ன பண்ணுவ, கம்பத்த மானத்துக்குத் தூக்குவியா?" என்றார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அங்கே நான் சிரித்தது அவரால்தான்.

முன்னால் நிற்கிறவன் என் மகன் என்பதும், அவன் பேச மாட்டான் என்பதும் அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவனிடமும் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. எனக்கு ஒதுங்கப் போட்டிருந்த ஷெட்டுக்குள் போகாமல், நான் கயிற்றைப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றேன். மகன் வண்டி வந்து நின்றது. பெட்டி பேசியது. கண்ணாடி பாதி இறங்கியது. அவன் என்னைப் பார்க்காமல் கம்பத்தைப் பார்த்துச் சொன்னான்:

"ஏ கம்பம், மழையில நின்னா துருப்பிடிச்சுப் போயிருவ. ஷெட்டுக்குள்ள போயி நிக்க வேண்டியதுதான."

கம்பம் எப்படி ஷெட்டுக்குள் போகும். என்னைத்தான் சொல்கிறான் என்று புரிந்தது. அவிழ்க்க வேண்டிய கயிற்றை முளையில் மறுபடி சுற்றிவிட்டு, பிறகுதான் அவிழ்த்தேன். பின்னால் திருமானூர்க்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "கம்பம் கேட்டுக்கிச்சுடா, நீ போ" என்று கத்தினார்.

எங்கள் பக்கத்தில் பேச்சு இல்லாதவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். மாட்டைப் பார்த்துச் சொல்வது, அடுப்பைப் பார்த்துச் சொல்வது. மாமியாரும் மருமகளும் வருஷக்கணக்காகக் கோழியோடு பேசியே குடும்பம் நடத்திய வீடு எனக்குத் தெரியும். அது பேச்சில் சேராது. சத்தியத்துக்கும் பங்கம் வராது. மறுநாளிலிருந்து நானும் அவன் லாரியின் முன் சக்கரத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். "லாரி, சாப்பிட்டியா?" என்பேன். பதில் வராது. அடுத்த நடையில் வரும். "கம்பம், தக்காளிச் சோறு." இப்படி.

பாப்பாவுக்கு ஜுரம் என்பதும், நடக்கக்கூட வராமல் இருந்த அது இப்போது ஓடுகிறது என்பதும், பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறார்கள் என்பதும் எல்லாம் அவன் கம்பத்துக்குச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போனதும் ஒன்று விடாமல் எங்கள் வீட்டுக்காரருக்கு ஒப்பிப்பேன். அவர் கட்டிலில் கிடந்தபடி கேட்பார்.

அவர் பெரம்பலூர் பக்கம் கிரஷரில் வெகுகாலம் கல் தூசியில் வேலை பார்த்தவர். நெஞ்சு முழுக்க அந்தத் தூசிதான். அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிரியப்பட்டதைக் கொடுங்கள் என்றார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். அவர் பிரியப்பட்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பிய ஒரு தடவ வரச் சொல்லு. பேச வேணாம். வந்து நின்னாப் போதும்."

நான் சக்கரத்திடம் சொன்னேன். "லாரி, அப்பாவுக்கு ரொம்ப முடியல. உன்னப் பாக்கணும்கிறார்."

பெட்டி பேசியது. தூக்கினேன். அடுத்த நடையிலும் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். அவன் கம்பத்தோடு பேசுவதையே விட்டுவிட்டான். கண்ணாடி மறுபடி மேலே ஏறிக்கொண்டது. ஒவ்வொரு நாளும் நான் வீட்டுக்குப் போனதும் அவர் தலையைத் திருப்பி என் பின்னால் வாசலைப் பார்ப்பார். யாரும் இருக்க மாட்டார்கள். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க எனக்குத் தெம்பில்லை. சில நாள் வேண்டுமென்றே கொல்லைப்புறமாக நுழைந்தேன்.

ஒரு நாள் மத்தியானம். வெயில் கொளுத்துகிறது. காலையில் அவர் தொண்டையில் கஞ்சி இறங்கவில்லை. மகன் வண்டி வந்து நின்றது. பெட்டி பேசியது. நான் கயிற்றை அவிழ்க்கவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. யோசித்துச் செய்யவில்லை. கயிற்றை முளையில் இன்னும் நாலு சுற்று சுற்றிவிட்டு, முளை மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அவன் ஹாரன் அடித்தான். பின்னால் ஒவ்வொன்றாக வந்து நின்ற வண்டிகளும் அடித்தன. ரோட்டு வரைக்கும் நின்றுவிட்டது. கல்லங்குறிச்சி கோயிலுக்குப் போகிற ஒரு வேன் அதில் மாட்டிக்கொண்டு, உள்ளே இருந்த சனம் எல்லாம் எட்டிப் பார்த்தது. இத்தனை பேர் என்னைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்கு உயிர் போய்விடும். தலையைக் குனிந்துகொண்டேன். எழுந்திருக்கவில்லை.

பின்னால் இருந்து யாரோ கத்தினார்கள். "என்னய்யா, ஆயா மறியல் பண்ணுதா? கொடிய எங்கக் காணோம்?"

"கிழவிக்குச் சம்பளம் ஏத்திக் குடுங்கய்யா, எந்திரிச்சிரும்."

திருமானூர்க்காரர் இறங்கி வந்தார். என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் கேலி பண்ணவில்லை.

"என்ன ஆயா?"

"அவரு இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடக்காரு. இவன் வரேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். இல்ல, வரலைன்னாவது சொல்லட்டும். நான் போயி அவருகிட்டச் சொல்லணும்ல? நான் என்னன்னு சொல்லுவேன்?"

எனக்கு அவ்வளவு நீளமாகப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. திருமானூர்க்காரர் எழுந்து லாரிக்குப் போனார். கண்ணாடி இறங்கியது. மகன் அவரிடம் சொன்னான். எனக்குக் கேட்கும்படிதான் சொன்னான்.

"அண்ணே, எனக்கு மட்டும் ஆசை இல்லையா? பாப்பா தலையில கைய வச்சுச் சூடம் அடிச்சிருக்கேன். நான் படியேறி, நாளைக்கு அதுக்கு ஒண்ணுன்னா அவங்க குடுப்பாங்களா எம்புள்ளைய? நீங்களே கேட்டுச் சொல்லுங்க. அவங்க குடுக்குறேன்னு சொன்னா இப்பவே வரேன்."

திருமானூர்க்காரர் என்னைப் பார்த்தார். அவர் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நானும் அதே சூடத்தின் முன்னால் நின்றவள். வா என்று என்னால் சொல்ல முடியவில்லை. வராதே என்றும் சொல்ல முடியவில்லை. அந்தக் குழந்தையை நான் தூக்கிக்கூடப் பல வருஷம் ஆகிறது. எழுந்து கயிற்றை அவிழ்த்தேன். சுற்று சிக்கிக்கொண்டது. திருமானூர்க்காரர்தான் பிரித்துவிட்டார். கம்பம் மேலே போனது.

காட்டுக்காரருக்கு விஷயம் போய்விட்டது. சாயங்காலமே வண்டியில் வந்து நின்றார். "இந்தாம்மா, உங்க வூட்டுப் பஞ்சாயத்த என் கேட்டுல வச்சுக்காத. இன்னொரு தடவ வண்டி நின்னுச்சுன்னா ஆள மாத்திருவேன்." சரிங்க என்றேன்.

மறுநாள் விடிகாலையில் மாரியம்மன் கோயில் பூசாரியிடம் போனேன். சத்தியத்தை இறக்க வழி உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். அதே வாசலில், அதே மாதிரி சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, தெரியாமல் சொல்லிவிட்டேன், இறக்கிக்கொள் தாயே என்று வேண்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு பேசலாம், படியும் ஏறலாம், பிள்ளைக்கு ஒன்றும் வராது.

"அப்ப நான் பண்றேன் சாமி" என்றேன்.

"நீ பண்ணி என்ன? அடிச்சவன்தான் வந்து இறக்கணும்."

அதைத் திருமானூர்க்காரரிடம் சொன்னேன். அவர் மகனிடம் சொல்லியிருக்கிறார். "கோயில் அவங்க தெருவுலதான இருக்கு. அங்க வந்து நான் எறக்கினா, ஊரே நான் தோத்துட்டேன்னு சிரிக்கும்" என்று அவன் சொன்னானாம். பிள்ளைக்காகப் பயப்படுகிறவன், ஊருக்காகவும் பயப்பட்டான். இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும்.

அவன் படி ஏறாவிட்டால் என்ன, இவரைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன என்று என் மகள்தான் கேட்டாள். சத்தியம் வீட்டுப் படிக்குத்தானே. கேட்டுக்கு இல்லையே. அவள் ஒரு ஷேர் ஆட்டோவைப் பேசிக் கொண்டுவந்தாள். பின் சீட்டில் அவரைச் சாய்த்து, நான் ஒரு பக்கம் அவள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். எலும்பும் தோலும்தான், ஆனாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் முனகினார். ஷெட்டில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்தோம். தகர ஷெட். அனல் அடித்தது. லாரிகள் போகப் போக வெள்ளைப் புழுதி அவர் முகத்தில் படிந்தது. மகள் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அவர் கண்ணைத் திறந்தார். எனக்குச் சத்தத்தை வைத்தே யார் வண்டி என்று தெரியும். "அது இல்லிங்க" என்பேன். கண்ணை மூடிக்கொள்வார்.

மகன் வண்டி வந்தது. எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கையை ஊன்றப் பார்த்தார். வண்டி நின்றது. பெட்டி பேசவில்லை. இஞ்சின் அணைந்தது. அந்தத் தடத்தில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் அவன் இஞ்சினை அணைத்தது அன்று ஒரு தடவைதான்.

கண்ணாடி இறங்கியது. கம்பத்தைப் பார்த்துத்தான் பேசினான். குரல் உடைந்திருந்தது.

"ஏ கம்பம், அப்பாவ ஏன் இந்த அனல்ல கொண்டாந்து போட்டிருக்க? அறிவில்ல?"

எங்கள் வீட்டுக்காரருக்கு இந்தச் சாடைப் பேச்சு எல்லாம் வராது. எப்போதும் நேராகத்தான் பேசுவார். மூச்சை இழுத்து இழுத்து அவனைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, அதுக்குள்ள நரைச்சிருச்சாடா?"

மகன் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டு முடியை மூடிக்கொண்டான். அப்படியே ஸ்டீயரிங்கில் சாய்ந்துவிட்டான். பின்னால் வண்டி சேர்ந்துவிட்டது. திருமானூர்க்காரர் யாரையும் ஹாரன் அடிக்க விடவில்லை. ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மகன் தன் தண்ணீர் கேனை ஜன்னல் வழியாகத் திருமானூர்க்காரரிடம் நீட்டினான். அவர் கொண்டுவந்து என் மகள் கையில் கொடுத்தார். இவர் இரண்டு மடக்குக் குடித்தார். காலையிலிருந்து எதுவும் இறங்காத தொண்டையில் அது இறங்கியது.

பிறகு இஞ்சின் போட்டான். பெட்டி பேசியது. நான் கயிற்றை அவிழ்த்தேன்.

கல் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது நிறுத்துவான் என்று நினைத்தேன். ஏற்றிய வண்டி நிற்காது என்று தெரியும். ஆனாலும் நினைத்தேன். அன்றைக்கு அவன் அந்தத் தடத்தில் திரும்பவே இல்லை. ஊர் வழியாகச் சுற்றிப் போய்விட்டான் என்று திருமானூர்க்காரர் வந்து சொன்னார். "கம்பத்துக்கு முன்னாடி இன்னொரு தடவ நின்னா நான் எறங்கிருவேன் அண்ணேன்னு சொன்னான் ஆயா." எங்கள் வீட்டுக்காரர் இருட்டும் வரைக்கும் வீட்டுக்குப் போகலாம் என்ற பேச்சை எடுக்க விடவில்லை. பிறகு ஆட்டோக்காரர் அவசரப்படுத்தித்தான் கிளம்பினோம்.

அதற்குப் பிறகு அவர் வாசலைப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. சில நாள் கிடந்து, ஒரு விடிகாலையில் போய்விட்டார்.

மகனுக்குச் சேதி சொல்லச் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரருடைய தம்பி மகன் போனில் சொன்னான். மகன் வீட்டுக்கு வரவில்லை. பாடையைத் தூக்குகிற நேரம் வரைக்கும் தெரு முனையைப் பார்த்தேன். கொள்ளிச் சட்டியை அந்தத் தம்பி மகன்தான் தூக்கிக்கொண்டு நடந்தான். நாங்கள் பொம்பளைகள் தெரு முனையோடு திரும்பிவிட்டோம். சுடுகாட்டுக்கு நாங்கள் போவதில்லை. அதனால் அதற்கு மேல் நடந்ததை நான் பார்க்கவில்லை. சொல்லக் கேட்டதுதான்.

சுடுகாட்டுக்குப் போகிற வழியில் ஓடைப் பாலத்தில் மகன் நின்றிருந்தானாம். மொட்டை அடித்திருந்தானாம். சட்டியை வாங்கிக்கொண்டு அவனே நடந்து, அவனே கொள்ளி வைத்தான். "அப்பா, அப்பான்னு கூப்பிட்டு வாய் விட்டுப் பேசினான் ஆயா" என்று திருமானூர்க்காரர் சொன்னார். அவரும் லாரியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். பங்காளிகளில் ஒருவர், இல்லை, அவன் உதட்டை அசைத்தான், சத்தம் வரவில்லை என்கிறார்.

எனக்கு இதில்தான் தூக்கம் போகிறது. பேசினான் என்றால் சத்தியத்தை மீறித்தானே பேசியிருக்கிறான். அப்படியானால் குழந்தை? ஆனால் திருமானூர்க்காரர் இன்னொன்றும் சொன்னார். அன்றைக்கு விடிந்தும் விடியாமல் எங்கள் தெரு வழியாக வந்தாராம். மாரியம்மன் கோயில் பூட்டியிருந்ததாம். வெளி வாசலில் என் மகன் பைக்கை நிறுத்திவிட்டுக் குனிந்து ஏதோ கொளுத்திக்கொண்டிருந்தானாம். நான் மறுநாள் போய்த் தீட்டு என்பதால் எட்ட நின்று பார்த்தேன். வாசல் கல்லில் சூடக் கரி இருந்தது. பக்கத்தில் தேங்காய்ச் சில்லு கிடந்தது. யார் வேண்டுமானாலும் உடைத்திருக்கலாம்.

பூசாரியைக் கேட்டேன். "சாவுச் சேதி தெரியிறதுக்கு முன்னாடி எறக்கியிருந்தா செல்லும். தெரிஞ்ச பொறகுன்னா தீட்டோட பண்ணுனது. அது கணக்குல வராது" என்றார்.

போன் பண்ணிய பையனைக் கேட்டால், எத்தனை மணிக்குப் பண்ணினேன் என்று சரியாகத் தெரியவில்லை பெரியம்மா என்கிறான். முன்னால் என்றால், அவன் சத்தியத்தை இறக்கிவிட்டு அப்பாவைப் பார்க்க வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தான் என்று ஆகிறது. பத்து வீடு தள்ளித்தான் கோயில். அங்கே வந்தவன் அழுகைச் சத்தம் கேட்டு நின்றுவிட்டானா? பின்னால் என்றால் வேறு மாதிரி ஆகிறது.

காரியம் முடிந்து நான் கேட்டுக்குப் போனபோது வேறு ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். காட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மகனும் அந்தத் தடத்தில் இப்போது ஓட்டுவதில்லை. வடக்கே லோடு ஏற்றிப் போகிறான் என்கிறார்கள். திருமானூர்க்காரருக்கும் அவன் போன் எடுப்பதில்லையாம். எனக்கு இப்போது அவனைப் பார்க்க ஒரு கம்பமும் இல்லை.

இவ்வளவுதான் எனக்கு எழுத வந்தது. இதில் முன்பின்னாக எழுதியிருப்பேன். படிக்கிறவர்கள் யாராவது வரதராஜன்பேட்டைப் பக்கம் போகிறவர்களாக இருந்தால் ஒரு உதவி செய்யுங்கள். டிப்பர் ஓட்டுகிறவன், காதோரம் நரைத்திருக்கும், ஒரே பெண் குழந்தை, பள்ளிக்கூடம் போகிறது. அவனிடம் இதைப் படித்துக் காட்டி, நான் எழுதியது சரியா என்று கேளுங்கள். கோயில் வாசலில் சூடம் கொளுத்தியது அவன்தானா, சேதி தெரிவதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். அதை அவன் சொல்லாவிட்டாலும், குழந்தை நன்றாக ஓடி ஆடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்து, நூலகத்துப் பெண்ணிடம் சொல்லுங்கள். அவள் என்னிடம் சொல்லிவிடுவாள். தப்பு இருந்தால் திருத்திக்கொள்கிறேன்.